கோயில் மண்டபமா, கோயிலடிச் சனமா? எங்கள் பங்கில் எழுந்திருக்கும் கேள்வி

கனகராயன்கரை

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த சனத்தின்) அருட்பணிச் சபையில் இருக்கிறேன். பங்கின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களைப் பற்றிக் கதைப்பது என் நோக்கமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் சேர்ந்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டக் காசு அனுப்ப முன்வந்திருக்கிறார்கள். சபையில் முக்கால்வாசிப் பேருக்கு நல்ல சந்தோசம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

கோயில் வளவுக்குப் பின்னால் வாய்க்கால் போகிறது. அதற்கு அங்கால் ஒரு குடியேற்றம். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். கனபேருக்குக் காணிக்குப் பத்திரம் இல்லை. சொந்த வயல் இல்லை, எங்கள் வயல்களில்தான் கூலிவேலை. அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் கிழமைக்கு ஒரு தடவை நுண்கடன் கம்பனிக்காரரின் கூட்டம் நடக்கும். பெண்கள் கடன் அட்டையைக் கையில் பிடித்தபடி குந்தியிருப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும், அதுவரைக்கும் யாரும் எழும்பிப் போக முடியாது. அந்த வீடுகளில் சில எங்கள் பங்குக் குடும்பங்கள். கூடுதலானவர்கள் சைவர்கள். பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறவர்களும் உண்டு.

லூக்கா 16ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஒரு செல்வந்தன் வீட்டு வாசலில் இலாசர் என்ற ஏழை புண்ணோடு கிடக்கிற கதை அது. அந்தச் செல்வந்தன் இலாசருக்கு அடிக்கவில்லை, ஏசவில்லை, வாசலை விட்டுத் துரத்தவுமில்லை. பாதாளத்தில் வேதனைப்படும்போது ஆபிரகாமிடம் "இலாசரை அனுப்பும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். அப்படியென்றால் படலையில் கிடந்தவனின் பெயர் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்திருந்தும் தாண்டிப் போனான்.

என் கேள்வி நேரானது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சனத்துக்குக் கோயிலின்மீது முதல் உரிமை இருக்கிறதா, இல்லையா? பங்குக்குள் உள்ளவர்கள், பங்குக்கு வெளியே உள்ளவர்கள் என்று பார்க்க வேண்டுமா?

உருத்திரபுரத்தாள்

அண்ணை, இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "உதவி" என்றதும் எங்கள் சனத்துக்கு உலருணவுப் பொதிதான் ஞாபகம் வரும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மரியாயின் சேனை என்ற எங்கள் பக்திச் சபையில் வீடு சந்திக்கப் போகும்போது ஒரு அக்காவைச் சந்தித்தேன். கச்சான் பிடுங்கும் காலம். ஒரு அமைப்பு பொதி கொடுக்கிறது, காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்றிருக்கிறார். விருந்தினர் வரும்போது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. பேச்சு, மாலை, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படம். பொதிக்குள் அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, தேயிலை, ஒரு சவர்க்காரம். அவருக்கு நீரிழிவு, சீனியும் மாவும் அவர் தொடக் கூடாத சாமான்கள். அன்றைய கூலியும் போய்விட்டது. பிறகு அந்தப் படத்தை யாரோ முகநூலில் காட்ட, வவுனியாவில் படிக்கிற மகள் பார்த்துவிட்டு அழுதாள் என்றார்.

கொடுத்தவர்கள் கெட்ட மனத்தோடு கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். தூரத்தில் இருந்து வந்தவர்களுக்கு அந்த அக்காவுக்கு என்ன வருத்தம், எந்த நாள் வேலை, வீட்டில் யார் யார் என்று தெரிய வழியில்லை. பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மேல்தான் கடமை கூட விழுகிறது.

புனித அகுஸ்தினாரும் இதையே சொல்லியிருக்கிறார். எல்லோரையும் சமமாக அன்பு செய்யவேண்டும், ஆனால் எல்லோருக்கும் உதவ ஒருவராலும் முடியாது. ஆகவே இடத்தாலும் காலத்தாலும் உனக்குக் கிட்ட வந்து சேர்ந்தவனைக் கவனி என்கிறார்.

சம்மனசு

நான் மண்டபத்துக்கு ஆதரவு. என் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.

2010இல் நாங்கள் மெனிக் பாம் அகதிமுகாமிலிருந்து திரும்பி வரும்போது கோயிலுக்குக் கூரை இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் எருக்கலை முளைத்திருந்தது. தறப்பாளுக்குக் கீழே பூசை கண்டோம். தகரம் போட்டதும், சுவர் எழுப்பியதும், நிலத்துக்கு ஓடு பதித்ததும் கூலிக்காசில் மிச்சம் பிடித்த சனம்தான். ஏழைகள்தான் அந்தக் கோயிலைக் கட்டினார்கள். ஏழைக்கு அழகான கோயில் தேவையில்லை என்று நினைப்பதும் ஒருவகையில் அவனைக் குறைத்து மதிப்பதுதான்.

இன்னொன்று. 2018 டிசம்பரில் வெள்ளம் வந்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை ஆயிரம் பேர் பள்ளிக்கூடங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் போய் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டபம் இருந்தால் அப்படியொரு நாளில் வாய்க்காலுக்கு அங்கால் உள்ள சனம்தான் முதலில் வந்து படுக்கும். யுத்தகாலத்தில் மடுக்கோயில் வளவு எத்தனை வருடம் அகதிகளைத் தாங்கியது? கட்டடம் என்றால் வீண்செலவு என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள்.

ஆண்டவரும் "ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்" என்றார். தம்மேல் நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணை, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று தடுத்தவர்களைத்தானே அவர் கண்டித்தார்?

கனகராயன்கரை

ஐயா, தறப்பாளுக்குக் கீழே பூசை கண்டவர்களில் நானும் ஒருவன். வெள்ளக் கதை நியாயமானது, அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த வசனத்தை அப்படியே விட மனமில்லை. ஆண்டவர் அங்கே இணைச்சட்டம் 15ஐ எடுத்துச் சொல்கிறார். அங்கே முழுவசனமும், நாட்டில் ஏழைகள் இல்லாமல் போகமாட்டார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்று முடிகிறது. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அந்த மிச்சப் பாதி மனப்பாடம். மாற்கு நற்செய்தியில், நீங்கள் விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்ற வரியும் கூடவே வருகிறது. அந்தப் பெண்ணும் தன்னுடையதைத்தான் ஊற்றினாள், பொதுப்பணத்தை எடுத்து ஊற்றவில்லை.

போதகர் வீட்டுப் பிள்ளை

நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன், முல்லைத்தீவுப் பக்கம். இந்த விசயத்தில் எங்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் உள்ளே வருகிறேன்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இரண்டு பக்கமும் பாருங்கள். எருசலேம் சபையில் அன்றாடம் சாப்பாட்டுப் பந்தி நடக்கிறது. கிரேக்கு மொழி பேசுகிற விதவைகள் அதில் விடுபட்டுப் போகிறார்கள். வேண்டுமென்று விட்டார்களா, கண்ணில் படாமல் போனதா என்று வேதத்தில் இல்லை. எப்படியோ விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஒரு தரம் மட்டும் பொதி கொடுத்துச் சமாளிக்கவுமில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப் போன பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

இப்போது அண்ணையிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அருட்பணிச் சபையில் வாய்க்காலுக்கு அங்கால் இருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர்களுக்கு உண்டா? கூடு தூக்கும்போது அவர்களில் ஒருவர் தோள் கொடுக்க விடுகிறீர்களா? கோபப்பட வேண்டாம், எங்கள் சபையிலும் இதே கேள்வி இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்த சனத்தை வன்னியில் நாற்பது, ஐம்பது வருடமாக வயலுக்கும் காடு வெட்டவும் கூப்பிட்டோம். கூட்டத்துக்குக் கூப்பிடுவது மட்டும் குறைவு. அவர்கள் இல்லாத கூட்டத்தில் அவர்களுக்கு என்ன தேவை என்று நாங்கள் தீர்மானித்தால், திரும்பவும் பருப்பும் சீனியும்தான் போகும்.

வற்றாப்பளையான்

நான் சைவன். வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் உதவி என்று வருகிற சில சபைகள் முதல் மாதம் அரிசி கொடுக்கும், அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கும், மூன்றாம் மாதம் வீட்டில் இருக்கிற சாமிப் படத்தை எடு என்று சொல்லும். பசியில் இருப்பவன் ஓம் என்றுதான் சொல்லுவான். வறுமையைப் பார்த்து வலை போடுவதாகத்தான் எங்கள் சனம் இதைப் பார்க்கிறது. நீங்கள் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. முள்ளிவாய்க்கால் வரைக்கும் சனத்தோடு நின்ற குருமாரை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு அங்கால் போவதற்கு முன் இதற்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டு போங்கள்.

உருத்திரபுரத்தாள்

அண்ணா, நீங்கள் எழுதியது நல்லது. உங்கள் கோபம் நியாயமானது.

லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளர்கள் வருகிறார்கள். பத்துப் பேரும் சுகமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தை அவர் திருப்பி எடுக்கவில்லை. திரும்பி வருவாயா என்று முன்கூட்டியே கேட்டு வாக்கு வாங்கவுமில்லை. நல்ல சமாரியன் கதையிலும், காயப்பட்டவன் பிறகு எந்த மலையில் போய்க் கும்பிட்டான் என்று ஒரு சொல் கிடையாது. யூதருக்கும் சமாரியருக்கும் அன்றைக்கு இருந்த பெரிய சண்டையே எந்த மலையில் கும்பிடுவது என்பதுதான்.

சரித்திரத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. உரோமைப் பேரரசன் யூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்துப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க நினைத்தவன். 362இல் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைப்பான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, எங்கள் ஏழைகளையும் பார்க்கிறார்கள், எங்கள் ஆட்களோ எங்களிடமிருந்து உதவியில்லாமல் நிற்கிறார்கள் என்று குறைப்படுகிறான். விரோதியே எழுதிவைத்த சாட்சி அது. "எங்கள் ஏழைகளையும்" என்று அவன் எழுதும்போது, உதவி பெற்ற பிறகும் அவர்கள் அவனுடைய ஆட்களாகவே இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

கொடுக்கப் போகிறவர் பைபிளும் துண்டுப் பிரசுரமும் கையில் கொண்டு போகக் கூடாது என்று நாங்கள் ஒரு ஒழுங்கே போடலாம். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஸ்காபுறோ வன்னியன்

காசு அனுப்புகிற பக்கத்து ஆள் நான். இந்தப் பங்கில்லை, வேறு ஊர். எங்கள் ஊர்ச் சங்கமும் மண்டபம்தான் கேட்டது. ஏன் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். மண்டபத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இங்கே காசு போட்டவனுக்குக் காட்டலாம். ஒரு பெண்ணின் கடன் அடைந்தது என்றால் எதைக் காட்டுவது? ஒரு தடவை "வாழ்வாதார உதவி" என்று அனுப்பிய காசு எங்கே போனது என்று இன்றுவரை கணக்கு வரவில்லை. அதற்குப் பிறகு சங்கத்தில் கட்டடம் தவிர வேறு எதற்கும் கை உயர்த்த ஆளில்லை.

ஆனால் இந்த இழையை வாசித்தபின் ஒன்று யோசித்தேன். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு வன்னியில் வளவைத் திறந்து விட்டவர்கள் யாரிடமும் படம் கேட்கவில்லை. எங்கள் குடும்பம் இரண்டு வருடம் ஒருவருடைய மாமரத்துக்குக் கீழே கொட்டில் போட்டு இருந்தது. வாடகை என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை.

தூரத்தில் இருப்பவனுக்குக் கடமை இல்லையா என்று யாராவது கேட்டால் புனித பவுலைச் சொல்லுவேன். மக்கெதோனியாவிலும் கொரிந்திலும் சேர்த்த காசை எருசலேமின் ஏழைகளுக்குக் கொண்டுபோனார். தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூடக் கூட்டிப்போனார், யாரும் குறை சொல்லக் கூடாது என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதியும் வைத்தார். நீங்கள் அப்படிக் கணக்குக் காட்டினால், படம் வேண்டாம் என்று இங்கே உள்ளவர்களை என்னால் சம்மதிக்க வைக்க முடியும்.

மன்னார்க்காற்று

கொஞ்சம் நடைமுறை சொல்கிறேன், இந்த வேலையில் இருப்பவள்.

கடன் இருக்கிறது என்று தெரிந்ததும் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். முதலில் அட்டையை எடுத்து உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கட்டினார், மிச்சம் என்று அவர்கள் சொல்வது சரியா. கனபேர் ஒரு கம்பனியில் எடுத்து இன்னொரு கம்பனிக்குக் கட்டுகிறார்கள். முதல் கடன் எதற்கு என்று கேட்டால், கிணறு, வீட்டுக் கூரை, பிள்ளையின் வருத்தம், மகளின் சடங்கு என்று வரும். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் புதுக்கடன் ஏறியது, ஏனென்றால் கூலி இல்லாத மாதங்கள் அப்படியே இருந்தன. காலபோக அறுவடை முடிந்து அடுத்த வேலை வரும்வரைக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் கடன்காரர் உள்ளே வருகிறார். வட்டியில்லாமல் அந்த மாதங்களுக்குக் கைமாற்றுக் கொடுக்க அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேரும் சிறு குழுவில்) ஒரு சிறு நிதி இருந்தால், அதுவே பெரிய காரியம்.

காசே தேவைப்படாத உதவிகளும் உண்டு. அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும 2023இல் தொடங்கியபோது தகுதி இருந்தும் விடுபட்ட குடும்பங்கள் ஏராளம். மேன்முறையீட்டுப் படிவம் நிரப்ப, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக, அங்கே நின்று கதைக்க ஒரு ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் பங்கில் இருக்கிறார்கள். காணிப் பத்திர விண்ணப்பமும் அப்படித்தான். யுத்தத்தில் செல் பட்டுக் கால் இழந்தவர்களில் செயற்கைக்கால் தேய்ந்து புண்ணாகி வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால் போதும்.

வயல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். லேவியர் 19, வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விடு என்கிறது. முன்பு எங்கள் வயல்களிலும் கதிர் பொறுக்க வருவார்கள். இப்போது மெசின் வரம்பு வரைக்கும் அறுத்து மூடையில் கட்டிவிட்டுப் போகிறது, பொறுக்க ஒன்றும் இல்லை, அருவி வெட்டுக் கூலியும் இல்லை. மெசின் வைத்து அறுத்தவர் காய்ந்த நெல்லில் ஒரு பங்கை அந்தச் சனத்துக்கு ஒதுக்குவதுதான் அந்தக் கட்டளையை இன்றைக்குக் கைக்கொள்ளும் வழி என்பது என் எண்ணம்.

ஏழைக்காகப் பேசுவதும் இதற்குள் வரும். எங்கள் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் போய், கடைசி யுத்தத்தில் வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் சனத்தொகைக் கணக்கையே எடுத்து வைத்துக் கேட்டார். ஆளைத் தேடி அலைகிற தாய்மாரும் கோயிலடியில்தான் இருக்கிறார்கள்.

சம்மனசு

மன்னார்க்காற்று சொன்ன நெல் விசயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் இந்த முறை செய்வேன்.

ஆனால் சொந்தக்காரரை விட்டுவிட்டு எல்லாப் பாரத்தையும் கோயில் தலையில் கட்டுவதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1 திமொத்தேயு 5, தன் வீட்டாரைக் கவனியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது. மாற்கு 7இல், இது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை மறுத்தவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். எங்கள் பங்கிலேயே திருவிழாவுக்குப் பெரிய தொகை எழுதிவிட்டு, தனியே கிடக்கிற தாயைப் போய்ப் பாராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லும் துணிவும் எங்கள் அருட்பணிச் சபைக்கு வேண்டும். மண்டபத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை.

கனகராயன்கரை

நேற்று இரவு கூட்டம் முடிந்தது. இந்த இழையில் வந்ததில் கனவற்றை அங்கே சொன்னேன். சத்தமும் வந்தது, இரண்டு பேர் இடையில் எழும்பிப் போனார்கள்.

மண்டபம் கைவிடப்படவில்லை. சிறிதாக்கி, வெள்ளம் வந்தால் சனம் தங்கக் கூடியமாதிரி நிலத்தை உயர்த்தி, மலசலகூடத்தோடு கட்டுவது என்று தீர்மானம். மிச்சக் காசை வட்டியில்லாத கைமாற்று நிதியாக வைப்பதற்கு அனுப்புபவர்களிடம் சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் இல்லை. நிதியைப் பார்க்க ஏழு பேர். அதில் நான்கு பேர் வாய்க்காலுக்கு அங்கால் உள்ளவர்கள், இரண்டு பேர் சைவப் பெண்கள். இதற்குத்தான் கூடுதலான எதிர்ப்பு. கோயில் காசுக்குச் சைவர் எப்படிப் பொறுப்பு என்று கேட்டார்கள். பங்குத்தந்தை ஒரே வார்த்தையில், கடனை அறிந்தவர்கள் அவர்கள்தான் என்றார். நவம்பரில் வருகிற வறியோர் உலக நாளின் உண்டியல் முழுவதும் இனி இந்த நிதிக்கு. 2017இலிருந்து அந்த நாளைத் திருச்சபை கொண்டாடுகிறது, நாங்கள் மன்றாட்டில் ஒரு வரி சேர்ப்பதோடு நிறுத்திவிடுவோம்.

முதல் வேலை வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பது. அடுத்த ஞாயிறு பூசை முடியத் தொடங்குகிறோம்.

மன்னார்க்காற்று

அண்ணை, பட்டியல் எடுக்கும்போது ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம், பூசையில் வாசிக்கவும் வேண்டாம். கடன் தொகையை எழுதுகிற கொப்பி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், வீட்டில் பூட்டி வைக்கக் கூடிய பெண் ஒருவர் என்றால் நல்லது. கம்பனிக் கூட்டம் நடக்கிற நாளில் போகாதீர்கள். அவர்கள் யாரோடு கதைக்கிறார்கள் என்று அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னேரம், வேலை விட்டு வந்து குளித்துச் சமையல் தொடங்குவதற்கு முன் போனால் ஆறுதலாக இருந்து கதைப்பார்கள்.